பார்த்தது புரிந்தது, செய்ய வரவில்லை: பார்த்துக் கற்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் செய்வதை அருகிலிருந்து பார்த்திருப்போம். ஒவ்வோர் அசைவும் புரிந்ததுபோலவே இருந்திருக்கும். ஆனால் கருவியை நம் கையில் வாங்கியதும் ஒன்றும் ஓடாது. இந்த அனுபவத்தை ஒட்டிப் பலர் கேட்கும் கேள்விகளையும், உளவியல் ஆய்வுகளையும் என் சொந்தச் சறுக்கல்களையும் வைத்து அவற்றுக்கு நான் சொல்லக்கூடிய விடைகளையும் கீழே தந்திருக்கிறேன்.

பார்த்துக் கற்பதும் பார்த்ததைச் செய்வதும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்று முதல் ஆறு வயதுக்குள்ளான 72 குழந்தைகள் பங்கேற்றனர். காற்றடைத்த போபோ பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடித்தும் உதைத்தும் அதட்டியும் நடந்துகொண்டதைப் பார்த்த குழந்தைகளில் பலர், பின்னர் அதே பொம்மை முன்னால் இருந்தபோது அதே அடிகளையும் அதே சொற்களையும் திருப்பிச் செய்தனர். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. செய்தால் பரிசு என்றும் ஆசை காட்டவில்லை.

நம் கேள்விக்கு அதைவிடப் பயன்படுவது 1965-இல் அவர் வெளியிட்ட தொடர் ஆய்வு. அதில் குழந்தைகள் ஒரு படத்தைப் பார்த்தனர். பொம்மையை அடித்தவருக்கு முடிவில் பாராட்டுக் கிடைப்பதாகச் சிலருக்கும், தண்டனை கிடைப்பதாகச் சிலருக்கும், எதுவுமே நடக்காததாகச் சிலருக்கும் காட்டப்பட்டது. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தனர். ஆனால், பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு உண்டு என்று சொன்னதும், மூன்று குழுக்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. தண்டனையைப் பார்த்தவர்களும் கற்றுத்தான் இருந்தார்கள். வெளிக்காட்டாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். ஆகவே ஒருவர் செய்யவில்லை என்பதைக் கண்டவுடன் அவர் கற்கவில்லை என்று முடிவுகட்டுவது அவசரம்.

பார்த்துக் கற்பது எந்த இடத்தில் முறிகிறது?

பண்டூரா இதை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: கவனிப்பது, நினைவில் நிறுத்துவது, உடலால் மீண்டும் செய்வது, செய்ய வேண்டும் என்ற உந்துதல் இருப்பது. இவற்றில் எது அறுந்தாலும் வெளியே தெரிவது ஒரே தோல்விதான். அதனால்தான் காரணத்தைத் தவறாகக் கணிக்கிறோம். கற்பவர் தடுமாறினால் நம் நாக்கு முதலில் சொல்வது "நீ சரியாகக் கவனிக்கவில்லை" என்பதே. என் கணிப்பில், வளர்ந்தவர்களின் தோல்விகளில் பெரும்பாலானவை மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே கவனக்குறைவைவிட, காட்டப்பட்ட காட்சியிலேயே முக்கியமானது இல்லாமல் போனதுதான் காரணமாக இருக்கிறது.

கண்ணெதிரே செய்துகாட்டும்போது, காட்சியில் இல்லாதது எதுவாக இருக்க முடியும்?

மரத்தை இழைக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். தச்சர் இழைப்புளியைக் கட்டையின் மேல் வைத்து ஒரே சீராகத் தள்ளுகிறார்; சீவல் சுருண்டு சுருண்டு விழுகிறது; கட்டையின் மேற்பரப்பு சமமாகிறது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது முன்னோக்கிய ஒரு தள்ளல் மட்டுமே. அதே தள்ளலை அவர் செய்துபார்த்தால், கட்டையின் இரண்டு முனைகளும் அதிகமாகச் சீவப்பட்டு, நடுப்பகுதி மேடாக எழும்பி நிற்கும்.

காரணம் அழுத்தத்தில் இருக்கிறது. இழைப்புளி கட்டையின் மேல் ஏறும்போது அதன் முன்பகுதியை அழுத்தும் கையில் பலம் இருக்க வேண்டும். நடுவில் செல்லும்போது இரு கைகளும் சமமாக அழுத்த வேண்டும். மறுமுனையைக் கடக்கும்போது பலம் பின்கைக்கு மாறியிருக்க வேண்டும். அப்படி மாறாவிட்டால் தொடக்கத்தில் பின்பக்கமும் முடிவில் முன்பக்கமும் தாழ்ந்து, முனைகளைத் தின்றுவிடும். இந்த அழுத்த மாற்றம் ஓரிரு நொடிகளுக்குள் நடந்து முடிகிறது; கைகள் இருக்கும் இடமோ மாறுவதே இல்லை. எத்தனை கூர்மையான கண்ணாக இருந்தாலும் எடை மாறுவதை அது பார்க்காது.

அழுத்தம், இறுக்கம், வழுக்கல், சமநிலை, கருவி திருப்பித் தரும் அதிர்வு ஆகியவை எல்லாம் உள்ளிருந்து மட்டுமே அறியக்கூடியவை. இவை போதாதென்று, தச்சர் வேலையைத் தொடங்கும் முன் கட்டையின் பக்கவாட்டை ஒரு கணம் பார்த்து இழையோட்டம் எந்தத் திசையில் போகிறது என்று தீர்மானித்திருப்பார். இழைக்கு எதிராகத் தள்ளினால் மரம் பெயர்ந்து பொரிந்துவிடும். அந்த ஒரு கணப் பார்வையை வேலையின் பகுதியாகவே நாம் எண்ணுவதில்லை. கட்டையைத் திருப்பி வைத்தார் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம்.

ஒருமுறை பார்த்தால் போதாது. பலமுறை பார்த்தால் வந்துவிடும் அல்லவா?

இந்தக் கேள்வியை மைக்கேல் கார்டஸ், எட் ஓபிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். பாத்திரங்கள் அடுக்கிய மேசையிலிருந்து அவை விழாதபடி விரிப்பை மட்டும் உருவி எடுக்கும் வித்தையின் சிறு காணொளியைச் சிலர் ஒரு தடவையும் சிலர் 20 தடவையும் பார்த்தனர். 20 தடவை பார்த்தவர்களுக்குத் தங்களாலும் அதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. செய்முறையைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கோ, மனத்துக்குள் அசைபோட்டவர்களுக்கோ அப்படிக் கூடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எறிமுனையைப் பலகையில் எறியும் விளையாட்டிலும் (டார்ட்ஸ்) இதே கதைதான்: பலமுறை பார்த்தவர்கள் தமக்குக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும் என்று கணித்தனர், எறிந்தபோது, ஒருமுறை மட்டும் பார்த்தவர்களைவிட அவர்கள் தேறிவிடவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. பந்து வித்தைபோல் கட்டைகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் காணொளியைப் பார்த்தவர்களுக்கு, பார்த்தபின் அந்தக் கட்டைகளைச் சிறிது நேரம் கையில் பிடித்துப் பார்க்க வாய்ப்பளித்தபோது, ஏறியிருந்த நம்பிக்கை இறங்கியது. தூக்கி எறியக்கூட இல்லை. கையில் எடையை உணர்ந்ததே போதுமானதாக இருந்தது.

அந்தப் பொய் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

பழகிப்போனதையும் தெரிந்ததையும் மனம் எளிதில் பிரித்தறிவதில்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், அது நமக்குத் தெரிந்துவிட்டது என்றே தோன்றுகிறது. ஆனால் அடுத்ததை ஊகிக்க முடிவது காட்சி நினைவில் பதிந்ததன் விளைவு. அதை உண்டாக்க முடிவதற்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு. ஒரு பாட்டின் அடுத்த வரி நாவில் நிற்பதால் யாருக்கும் அந்தச் சுருதி பிடித்துப் பாட வந்துவிடுவதில்லை.

இதற்குத் துணைபோவது செய்துகாட்டுபவரின் சரளம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியே குழுவினர் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த விரிவுரையைக் கேட்ட மாணவர்கள் தாங்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தனர். தாங்களே கணக்குகளோடு மல்லாடிய மாணவர்களோ குறைவாகக் கற்றதாக உணர்ந்தனர். தேர்வு வைத்தபோது மல்லாடியவர்களே அதிக மதிப்பெண் பெற்றிருந்தனர். தடங்கலின்றிக் கேட்டதும் பார்த்ததும் மனத்தில் நிறைவைத் தருகின்றன. அந்த நிறைவையே கல்வி என்று எண்ணிவிடுகிறோம்.

அப்படியானால், அத்துறையில் தலைசிறந்தவரைப் பார்த்தால் குறை தீருமா?

பலர் நம்புவதற்கு மாறாக, சில நேரங்களில் குறை கூடும். பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் இருவரும் 1967-இல் விளக்கியபடி, உடல்திறன் ஒன்று மூன்று நிலைகளைக் கடந்து வளர்கிறது. முதலில் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செய்கிறோம். பிறகு தவறுகள் குறைந்து அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. கடைசியில் யோசனையே இல்லாமல் கை தானாக ஓடுகிறது. மூன்றாம் நிலையில் இருப்பவரின் செயலில் முதல் நிலையின் சுவடு எதுவும் மிஞ்சியிருக்காது. தொடங்குபவருக்குத் தேவைப்படுவதோ அந்த முதல் நிலைதான்.

அவரிடமே கேட்டால் சொல்லிவிடுவாரே என்றால், அதுவும் உறுதியில்லை. நம்மால் சொல்ல முடிவதைவிட அதிகமாகவே நமக்குத் தெரியும் என்பது மைக்கேல் போலானி என்ற சிந்தனையாளர் 1966-இல் வலியுறுத்திய கருத்து. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரிடம் இடப்பக்கம் சாயும்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலோர் "எதிர்ப்பக்கம் சாய்வேன்" என்பார்கள். உண்மையில் அவர் சாயும் பக்கமாகவே கைப்பிடியைத் திருப்புகிறார். சக்கரம் உடலுக்கு அடியில் வந்து தாங்குகிறது. அவருடைய கைக்குத் தெரிந்தது அவருக்கே தெரிவதில்லை.

இதனால்தான் நம்மைவிட ஓரிரு படி மேலே இருப்பவரைப் பார்ப்பது பல வேளைகளில் பலன் தருகிறது. கழித்தல் கணக்கில் தடுமாறிய குழந்தைகளை வைத்து டேல் ஷங்க், அன்டாய்னெட் ஹான்சன் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர் கணக்கைச் செய்வதைப் பார்த்த குழந்தைகளைவிட, தம் வயதொத்த குழந்தை செய்வதைப் பார்த்தவர்கள் நம்பிக்கையிலும் திறனிலும் முன்னேறினர். "அவனால் முடிகிறது என்றால் என்னாலும் முடியும்" என்ற எண்ணத்தை ஆசிரியரால் ஊட்ட முடியாது. அவரால் முடியும் என்பதில்தான் யாருக்கும் ஐயமே இல்லையே.

பலகையில் போடும்போது கணக்கு புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் முதல் வரியே வருவதில்லை. ஏன்?

கைவேலையில் அழுத்தம் மறைந்திருப்பதுபோல, கணக்கில் மறைந்திருப்பது தேர்வு. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் 6 மடங்கைக் கூட்டினால் 7 வருகிறது. அந்த எண் எது என்று கேட்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். ஆசிரியர் சட்டென்று இரு பக்கமும் 9-ஐக் கூட்டுகிறார். இப்போது இடப்பக்கம் "எண்ணோடு 3 கூட்டியதன் வர்க்கம்" என்று சுருங்கிவிடுகிறது. வலப்பக்கம் 16 ஆகிறது. ஆகவே எண்ணோடு 3 கூட்டினால் 4 அல்லது எதிர்மம் 4. விடை 1 அல்லது எதிர்மம் 7. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து சரியாகவே வருகிறது, யாரும் தலையாட்டிவிடலாம்.

ஆனால் ஏன் 9? ஏன் 5-ஐக் கூட்டவில்லை? 6-இல் பாதி 3, அதன் வர்க்கம் 9 என்ற யோசனை, சுண்ணக்கட்டி பலகையைத் தொடும் முன்பே முடிந்துவிட்டது. பார்த்தவருக்குக் கிடைத்தது எடுக்கப்பட்ட அடி மட்டுமே. எடுக்காமல் விடப்பட்ட அடிகளும் விட்டதற்கான காரணமும் கிடைக்கவில்லை. தனியாக உட்காரும்போது தேவைப்படுவது துல்லியமாக அதுதான்.

இதைச் சொல்லும்போது, செய்துமுடித்த கணக்குகளைப் பார்ப்பதே வீண் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஜான் ஸ்வெல்லர், கிரஹாம் கூப்பர் இருவரும் 1985-இல் காட்டியபடி, இயற்கணிதத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்குத் தீர்வுடன் கூடிய கணக்கைப் படிப்பது, எல்லாவற்றையும் தாமே முட்டிமோதித் தீர்ப்பதைவிட விரைவான வழியாக அமைந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு தீர்வைப் படித்த உடனேயே அதே வகைக் கணக்கு ஒன்றை மாணவர் தாமே போட வேண்டியிருந்தது. மிஷலின் சி குழுவினர் 1989-இல் கண்டது இதற்கு இன்னொரு துணை: இயற்பியல் தீர்வுகளைப் படித்த மாணவர்களில் தேறியவர்கள், ஒவ்வோர் அடிக்கும் "இது ஏன் வந்தது" என்று தமக்குத் தாமே விளக்கிக்கொண்டே போனார்கள்.

பார்க்கும்போதே மூளை பயிற்சி செய்துகொள்கிறது என்கிறார்களே?

இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் ஜியாகோமோ ரிசொலாட்டி குழுவினர் 1990-களில், தான் ஒன்றைச் செய்யும்போதும் பிறர் அதைச் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் நரம்பணுக்களைக் குரங்குகளில் கண்டறிந்ததிலிருந்து இந்தப் பேச்சு பரவியது. கண்டுபிடிப்பு உண்மை, அதிலிருந்து "பார்த்தாலே போதும்" என்று தாவுவதுதான் தவறு. 2006-இல் பியாட்ரிஸ் கால்வோ-மெரினோ குழுவினர் பாலே நடனக் கலைஞர்களை ஆராய்ந்தனர். பாலேயில் ஆண்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் தனித்தனி அசைவுகள் உண்டு. ஆனால் இரு பாலரும் ஒன்றாகப் பயில்வதால் ஒருவர் அசைவை மற்றவர் பார்த்துப் பழகியிருப்பர். அப்படி இருந்தும், தாம் ஆடிப் பழகிய அசைவைப் பார்க்கும்போதுதான் இயக்கத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. பார்வையின் பலன், ஏற்கெனவே செய்யத் தெரிந்தவருக்கே அதிகம்.

சிறு குழந்தைகள் மட்டும் பார்த்ததை அப்படியே செய்துவிடுகிறார்களே?

அப்படியே செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் முறை சிம்பன்சிகளுக்கும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் காட்டப்பட்டது. அதில் சில செயல்கள் வேலைக்கே உதவாதவை. பெட்டி உள்ளே தெரியாததாக இருந்தவரை சிம்பன்சிகளும் எல்லாவற்றையும் செய்தன. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டி வந்ததும், பயனற்ற செயல்களை அவை விட்டுவிட்டுப் பரிசை எடுத்தன. குழந்தைகளோ பயனற்றது என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அதையும் சேர்த்தே செய்தனர். குழந்தைகளைக் குறைசொல்வதற்கில்லை, பெரியவர் ஒன்றைச் செய்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்று நம்புவதால்தான் அவர்கள் இவ்வளவு வேகமாகக் கற்கிறார்கள். ஆனால் எது வேலை, எது செய்பவரின் தனிப் பழக்கம் என்று பிரிக்கத் தெரியாவிட்டால் இரண்டும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும்.

சில விஷயங்கள் ஒரே பார்வையில் பதிந்துவிடுகின்றனவே, குறிப்பாகப் பயம்?

ஆம், எல்லாப் பாடங்களும் ஒரே அளவில் ஒட்டுவதில்லை. ஆய்வகத்தில் வளர்ந்த, பாம்பைக் கண்டு அஞ்சாத ரீசஸ் குரங்குகள், இன்னொரு குரங்கு பொம்மைப் பாம்பைக் கண்டு அலறுவதைப் பார்த்தே அஞ்சக் கற்றுக்கொண்டதை மைக்கேல் குக்கும் சூசன் மினெகாவும் 1989-இல் காட்டினர். அதே அலறலைப் பூவைக் கண்டு அலறுவதுபோல் காணொளியில் வெட்டி ஒட்டிக் காட்டியபோது, பூவைக் கண்டு அஞ்சும் பழக்கம் உண்டாகவில்லை. பார்ப்பவருக்குள் ஏற்கெனவே இருக்கும் சாய்வும் சேர்ந்துதான் எது பதியும் என்பதைத் தீர்மானிக்கிறது.

நேரில் பார்ப்பதற்கும் காணொளியில் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டா?

உண்டு. ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நேரில் கண்டதைவிடத் திரையில் கண்டதைக் குறைவாகவே திருப்பிச் செய்கிறார்கள் என்பதை ரேச்சல் பார், ஹார்லீன் ஹேன் இருவரும் 1999-இல் காட்டினர். பெரியவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு உருவில் வருகிறது. காணொளியில் தவறுகள் வெட்டி எறியப்பட்டிருக்கும். திருகாணி கீழே விழுந்து தேடிய ஐந்து நிமிடம் இருக்காது. முதல் முயற்சி கெட்டுப்போய் இரண்டாவதை எடுத்த செய்தி இருக்காது. நாம் திணறும்போது, நமக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். முடிச்சுப் போடுவது போன்றவற்றில் எதிரே இருப்பவரின் வலக்கை நமக்கு இடப்பக்கமாகத் தெரிவதும் ஒரு தொல்லை. தோளுக்கு மேலிருந்து எடுத்த காணொளியைத் தேடி எடுத்தால் அது நீங்கிவிடும்.

வெற்றிபெற்றவர் செய்ததை அப்படியே பின்பற்றினால் போதாதா?

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை இங்கேதான் பொருந்தும். கோடு தெரிந்தது, அது எதனால் வந்தது என்பது தெரியவில்லை. வென்றவர் செய்த நூறு காரியங்களில் எது வெற்றிக்குக் காரணம், எது வெறும் உடன் நிகழ்வு என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது; அதே நூறையும் செய்து தோற்றவர்களோ நம் கண்ணில் படுவதே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எப்போது தானே முயல்வது, எப்போது பிறரைப் பார்ப்பது என்பதற்கான உத்திகளைக் கணினியில் மோதவிட்ட போட்டி ஒன்றை லூக் ரெண்டெல் குழுவினர் நடத்தி 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். போட்டியிட்ட 104 உத்திகளில், பிறரைப் பெரிதும் பார்த்துக் கற்றவையே முன்னணியில் நின்றன. பார்க்கப்படுபவர்கள் தங்களுக்குப் பலன் தந்ததையே செய்துகொண்டிருப்பதால், சல்லடையில் சலித்த தகவல் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. முதலிடம் பெற்ற உத்தி கூடுதலாக ஒன்று செய்தது: பழைய தகவலுக்கு மதிப்பைக் குறைத்தது. சூழல் மாறிய பின்னும் பழைய வெற்றியைப் பின்பற்றுபவர் தோற்பதன் காரணம் அதிலேயே இருக்கிறது.

சரி, எப்படிப் பார்த்தால் பயன் உண்டு?

முதலில் கொஞ்சம் செய்து, கெடுத்து, பிறகு பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. செய்து தடுமாறியவரிடம் கேள்வி இருக்கும். கேள்வி உள்ள கண்ணுக்குத்தான் விடை தெரியும். மின்சாரம், உயரம், ஓடும் இயந்திரம் போன்ற ஆபத்தான வேலைகளுக்கு மட்டும் இது பொருந்தாது; அங்கே பார்ப்பதும் பாதுகாப்பு விதிகளும்தான் முதலில்.

இழைப்புளியைப் பற்றி மேலே எழுதியதை நான் பார்த்துக் கற்கவில்லை. ஒரு பிற்பகல் முழுவதும் பார்த்துவிட்டு, முடியும் என்ற தெம்போடு தொடங்கி, மூன்று கட்டைகளை நடுவில் மேடாக்கிவிட்ட பிறகே தச்சரிடம் மறுபடியும் போய் நின்றேன். இம்முறை சீவலையும் பார்க்கவில்லை, இழைப்புளியையும் பார்க்கவில்லை. இழைப்புளியின் முன்பகுதியை அழுத்தும் அவருடைய கையின் விரல் நகங்களை மட்டும் பார்த்தேன். தொடக்கத்தில் அழுத்தத்தால் வெளுத்திருந்த நகங்கள், கட்டையின் முனை நெருங்கும்போது மெல்லச் சிவந்தன. அடுத்த கட்டையிலும் மேடு இருந்தது. முந்தைய மூன்றைவிடக் குறைவாக.